இனிப்பதெல்லாம் சர்க்கரை அன்று

இனித்தால் அதில் சர்க்கரை உண்டு, சர்க்கரை இருந்தால் உடலுக்குச் சக்தி உண்டு என்பது மனிதனின் நாக்கு நெடுங்காலமாகக் கற்று வைத்திருக்கும் பாடம். கரும்பு, பனை, தேன், கனிந்த பழம் ஆகிய எதைச் சுவைத்தாலும், நாக்கு தந்த சாட்சியம் பொய்த்ததில்லை. அதிமதுரம் போன்ற ஒன்றிரண்டு விலக்குகள் உண்டு. அவை மருந்துக் கடையில் கிடப்பவை, பசிக்கு உண்பவை அல்ல. இந்தச் சாட்சியம் 1879-ஆம் ஆண்டில் முதன்முறையாகப் பொய்த்தது. அமெரிக்காவில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் சர்வகலாசாலையில், பேராசிரியர் ஐரா ரெம்செனின் ஆராய்ச்சிச் சாலையில் வேலை செய்த கான்ஸ்டன்டின் பால்பெர்க் என்பவர் ஒரு நாள் இரவு உணவு உண்ணும்போது, தம் கையிலிருந்து ஓர் இனிப்பு வருவதைக் கண்டார். தார் எண்ணெயிலிருந்து கிடைக்கும் பொருள்களைக் கொண்டு அவர் செய்த சோதனையின் மிச்சம் விரல்களில் ஒட்டியிருந்தது. அதற்குச் சாக்கரீன் என்று பெயரிட்டார்கள். எடைக்கு எடை சர்க்கரையைப்போல் ஏறத்தாழ முந்நூறு மடங்கு இனிக்கும் அப்பொருளால் உடலுக்குக் கிடைக்கும் சக்தி ஒன்றுமில்லை.

அதன்பின் சாக்கரீனுக்குத் தம்பிமார் பலர் பிறந்தனர். 1965-இல் அஸ்பார்ட்டேம், 1967-இல் அசிசல்பேம், 1976-இல் சுக்ரலோஸ் என ஒவ்வொன்றும் வேறு ஏதோ ஒன்றைத் தேடப்போன இடத்தில் தற்செயலாய் அகப்பட்டதே. சுக்ரலோஸின் கதை சுவையானது. லண்டன் கல்லூரி ஒன்றில் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்த இந்தியர் ஒருவர், அப்பொருளை ‘டெஸ்ட்’ செய்யும்படி மேலாளர் சொன்னதை ‘டேஸ்ட்’ செய்யும்படி சொன்னதாகக் காதில் வாங்கி நாக்கில் வைத்துப் பார்த்தார் என்பது அது. ஆராய்ச்சிச் சாலையில் எதையும் நாக்கில் வைக்கலாகாது என்று மாணவருக்குக் கற்பிக்கும் ஆசிரியர்கள் இக்கதையைச் சற்று எச்சரிக்கையோடு சொல்வது நலம்.

இன்று இப்பொருள்கள் நீரிழிவு நோயாளியின் மாத்திரைச் சிமிழை விட்டு வெளியேறி வெகுகாலமாயிற்று. கலர் சோடாவிலும், குச்சி ஐஸிலும், மிட்டாயிலும், பாக்குப் பொட்டலத்திலும், பழரசம் என்ற பெயரில் விற்கும் பானங்களிலும், குழந்தைகளுக்குக் கொடுக்கும் சில இருமல் மருந்துகளிலும் அவை குடியேறியிருக்கின்றன. பல இடங்களில் சர்க்கரைக்குப் பதிலாக மட்டுமன்றி, சர்க்கரையோடு கூடவும் சேர்க்கப்படுகின்றன. பாதி சர்க்கரை, பாதி செயற்கை இனிப்பு என்ற கலவையை நாக்கு எளிதில் பிரித்தறியாது. வாங்கிய பின் எழுத்தைப் படித்துப் பார்த்தவரோ, குடித்த பின் தொண்டையில் ஒரு கசப்பு நிற்பதை உணர்ந்தவரோ கொள்ளும் எரிச்சல் நாட்டில் வளர்ந்து வருகிறது. இந்த எரிச்சலை இரண்டு விதமாகத் தட்டிக் கழிப்பது வழக்கமாகிவிட்டது. ஒரு சாரார், “இது விஷம், புற்றுநோய் வரும்” என்று அச்சுறுத்துகின்றனர். மற்றொரு சாரார், “விஞ்ஞானம் அறியாதவர்களின் வீண் பயம்” என்று நகைக்கின்றனர். வாங்குகிறவனின் குறை இவ்விரண்டில் எதுவும் அன்று. தான் கேட்ட பொருளைத் தராமல், சொல்லாமல் வேறொன்றைத் தந்தார்கள் என்பதே அவன் குறை. அது நியாயமான குறை.

இந்த வழக்கு புதியதன்று. 1906-ஆம் ஆண்டு அமெரிக்காவில் தூய உணவுச் சட்டம் நிறைவேறியபின், விவசாய இலாகாவின் தலைமை ரசாயன அறிஞராயிருந்த ஹார்வி வைலி என்பவர், டப்பாவில் அடைத்து விற்கும் சோளத்தில் சாக்கரீன் சேர்ப்பதைத் தடுக்க முயன்றார். ஜனாதிபதி தியோடர் ரூஸ்வெல்ட்டின் முன்னிலையில் நடந்த விவாதத்தில், ஒரு வியாபார நிறுவனத்துக்காகப் பேசியவர், சர்க்கரைக்குப் பதில் சாக்கரீன் சேர்ப்பதால் தம் நிறுவனத்துக்கு ஆண்டுக்கு நாலாயிரம் டாலர் மிச்சமாகிறது என்றார். வைலி குறுக்கிட்டு இரண்டு விஷயங்களைச் சொன்னார். அந்தச் சோளத்தை உண்டவர் ஒவ்வொருவரும் சர்க்கரை உண்பதாக எண்ணி ஏமாந்தார் என்பது முதலாவது. அது உடலுக்குக் கெடுதி செய்யும் என்பது இரண்டாவது. ரூஸ்வெல்ட்டுக்கு அவருடைய வைத்தியர் தினமும் சாக்கரீன் கொடுத்து வந்தார். ஆகவே ஜனாதிபதி சினங்கொண்டு, சாக்கரீன் கெடுதி என்று சொல்பவன் மூடன் என்று கூறிவிட்டார். பிறகு 1908-இல் இவ்விஷயங்களை ஆராய ஒரு குழு நியமிக்கப்பட்டது. அதன் தலைவராக வந்தவர் வேறு யாருமல்லர், எவருடைய ஆராய்ச்சிச் சாலையில் சாக்கரீன் பிறந்ததோ அந்த ரெம்சென்தான்.

வைலி சொன்ன இரண்டாவது விஷயம் பிற்காலத்தில் மெய்ப்படவில்லை. முதலாவது விஷயமோ அன்றும் உண்மை, இன்றும் உண்மை. ஆனால் அன்று தொடங்கிய சச்சரவு முழுவதும் இரண்டாவதைச் சுற்றியே நடந்து, முதலாவதை நூறாண்டுகளுக்கு மேலாக மறக்கடித்துவிட்டது. 1977-இல் எலிகளின் மூத்திரப் பையில் கட்டிகள் தோன்றியதைக் காட்டிச் சாக்கரீனைத் தடுக்க அமெரிக்க அரசாங்கம் முனைந்தது, மக்கள் எதிர்த்தார்கள், தடை ஒத்திவைக்கப்பட்டு, எச்சரிக்கை வாசகம் அச்சிடப்பட்டது. எலியின் உடலில் நிகழும் அவ்விளைவு மனிதனுக்குப் பொருந்தாது எனத் தெளிவான பின், 2000-இல் அவ்வாசகமும் நீக்கப்பட்டது. 2023 ஜூலையில் அஸ்பார்ட்டேமைச் சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம் “புற்றுநோய் விளைவிக்கக்கூடும்” என்ற வகுப்பில் சேர்த்தது. அதே நாளில், உலக உணவு ஸ்தாபனமும் சுகாதார ஸ்தாபனமும் கூட்டாக அமைத்த நிபுணர் குழு, உடல் எடையில் ஒரு கிலோவுக்கு நாளொன்றுக்கு 40 மில்லிகிராம் வரை என்ற பழைய வரம்பை மாற்றக் காரணமில்லை என்று அறிவித்தது. பத்திரிகைகள் முதற் செய்தியைப் பெரிய எழுத்தில் போட்டன. இரண்டாவதைப் பலர் படிக்கவேயில்லை. முன்னது ஒரு பொருளால் தீங்கு நேரக்கூடுமா என்பதற்கு எவ்வளவு சான்று உண்டு என்று பார்ப்பது. பின்னது எவ்வளவு உண்டால் தீங்கு என்று பார்ப்பது. இவ்விரண்டும் வேறு என்பதைக் கிராமக் கூட்டங்களில் விளக்கிச் சொல்லும் பொறுப்பு களப்பணியாளரைச் சார்ந்தது.

அளவைப் பற்றிய கணக்கை வகுப்பிலேயே போட்டுப் பார்க்கலாம். சாக்கரீனுக்கு நிபுணர் குழு விதித்த வரம்பு, கிலோவுக்கு 5 மில்லிகிராம். இருபது கிலோ எடையுள்ள ஒரு சிறுவனுக்கு இது நாளொன்றுக்கு 100 மில்லிகிராம் ஆகிறது. இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2011-ஆம் ஆண்டு விதிகள், வாயுவேற்றிய பானங்களில் பத்து லட்சத்தில் நூறு பங்கு, அதாவது லிட்டருக்கு 100 மில்லிகிராம் சாக்கரீனை அனுமதித்தன. ஆகவே விதிக்குட்பட்டுத் தயாரித்த பானத்தில் ஒரு லிட்டர் குடித்தால்தான் அச்சிறுவன் வரம்பைத் தொடுவான். 200 மில்லிலிட்டர் புட்டி ஒன்றில் அவனுக்குச் சேர்வது 20 மில்லிகிராம். இதில் பீதிக்கு இடமில்லை. ஆனால் அதே விதிகள் பான் மசாலாவுக்கு அனுமதித்த அளவு பத்து லட்சத்தில் எண்ணாயிரம் பங்கு. அதாவது ஒரு கிராமில் 8 மில்லிகிராம். (பான் மசாலாவில் சாக்கரீனைவிடப் பெரிய தீமைகள் உள்ளன என்பது வேறு விஷயம், அதற்கு இனிப்பூட்டிச் சிறுவரின் நாக்குக்கு உகந்ததாக்குவது எது என்பதை மட்டும் இங்கே கவனிக்க.) கணக்கு இவ்வளவில் முடிவதில்லை. தெருவில் மணியடித்துக்கொண்டு வரும் ஐஸ் வண்டியில் எவ்வளவு சாக்கரீன் கரைக்கப்பட்டது என்று அளந்தவர் எவருமிலர். விதி அச்சிட்ட பொட்டலத்தைத்தான் எட்டுகிறது. குச்சியில் உறைந்த சாயத் தண்ணீரை எட்டுவதில்லை. கோடைக்கால நாளொன்றில் இரண்டு ஐஸும் ஒரு கலரும் சில மிட்டாய்களும் உண்ணும் சிறுவனின் கணக்கைப் போட ஆசிரியரால் முடியாது. ஏனெனில் கணக்குக்கு வேண்டிய எண்கள் எங்கும் எழுதப்பட்டிருக்கவில்லை.

ஆயினும் இக்கட்டுரையின் கவலை மிகுதியாக உண்பதைப் பற்றியது அன்று. ஒரு துளியும் மிகுதியில்லாமல், முற்றிலும் விதிப்படி தயாரித்த பானமே ஆபத்தாக முடியக்கூடிய சந்தர்ப்பம் ஒன்று உண்டு. கிராமங்களில் வேலை செய்வோர் அதைக் கண்டிருப்பர்.

நீரிழிவுக்கு இன்சுலின் ஊசி போட்டுக்கொள்ளும் ஒரு விவசாயத் தொழிலாளி, காலையில் ஊசி போட்டுக்கொண்டு, சரியாக உண்ணாமல் வயலில் இறங்கிவிடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். நடுப்பகலில் உடல் வியர்த்துக் கைகால் நடுங்குகிறது, பேச்சுக் குழறுகிறது, கண் இருள்கிறது. இரத்தத்தில் சர்க்கரை 100 மில்லிலிட்டருக்கு 70 மில்லிகிராமுக்குக் கீழே இறங்கிவிட்டது என்பதன் அறிகுறி இது. உடனே 15 முதல் 20 கிராம் வரை சர்க்கரை உள்ளே சென்றாக வேண்டும். அருகிலிருப்பவர் பெட்டிக்கடைக்கு ஓடி ஒரு புட்டிக் கலர் வாங்கி வந்து கொடுக்கிறார். சர்க்கரையிட்டுத் தயாரித்த பானத்தில் பெரும்பாலும் நூறு மில்லிலிட்டருக்குப் பத்து கிராம் அளவில் சர்க்கரை இருக்கும். 200 மில்லிலிட்டர் புட்டியில் 20 கிராம். பதினைந்து நிமிஷத்தில் அவர் எழுந்து உட்கார்ந்துவிடுவார். அந்தப் புட்டியில் இருந்தது சாக்கரீனோ சுக்ரலோஸோ என்றால்? பானம் இனிக்கிறது, கொடுத்தவர் தம் கடமை முடிந்தது என்று எண்ணுகிறார், குடித்தவரும் குணமாகும் என்று காத்திருக்கிறார். இரத்தத்தில் சேர்ந்த சர்க்கரையோ பூஜ்யம். காத்திருக்கும் அந்தப் பதினைந்து நிமிஷத்தில் நினைவிழந்துவிட்டால், பின்னர் வாயில் எதையும் ஊற்றலாகாது. ஆஸ்பத்திரிக்குத்தான் கொண்டுபோக வேண்டும்.

இது வெறும் கற்பனை அபாயம் என்று எவரும் கருத வேண்டாம். பிரிட்டனில் பலர் இவ்விதச் சந்தர்ப்பங்களுக்காகவே லூக்கோசேட் என்னும் குளுகோஸ் பானத்தைப் பல ஆண்டுகளாகக் கையில் வைத்திருந்தார்கள். 2017-இல் அதன் தயாரிப்பாளர், அதிலிருந்த சர்க்கரையை ஏறத்தாழப் பாதியாகக் குறைத்து, செயற்கை இனிப்பைச் சேர்த்தனர். புட்டியின் பெயரில் மாறுதலில்லை. சில காலம் பழைய புட்டியும் புதிய புட்டியும் கடைகளில் கலந்தே இருந்தன. நீரிழிவு நோயாளிகளின் சங்கங்கள், இனி ஒவ்வொரு புட்டியிலும் அச்சிட்டதைப் படித்த பின்பே குடிக்கும்படி எச்சரிக்கை விடுக்க நேர்ந்தது. நாற்பது கிராமுக்குப் பழகிய கையொன்று அதே புட்டியிலிருந்து இருபது கிராமைப் பெறும்போது, அந்த மாறுதலைச் சொல்லும் கடமை யாருடையது? நாக்கைக் கேட்பதில் பயனில்லை. அது ஏமாறும்படியே அக்கலவை தயாரிக்கப்படுகிறது.

பிரிட்டனில் இம்மாறுதல் நேர்ந்த காரணமும் அறியத்தக்கது. 2016 மார்ச்சில் அறிவிக்கப்பட்டு 2018 ஏப்ரல் 6-ஆம் தேதி முதல் அமலான வரியின்படி, நூறு மில்லிலிட்டரில் 5 கிராம் முதல் 8 கிராமுக்குள் சர்க்கரை உள்ள பானங்களுக்கு லிட்டருக்கு 18 பென்சும், 8 கிராமும் அதற்கு மேலும் உள்ளவற்றுக்கு 24 பென்சும் விதிக்கப்பட்டன. வரியின் நோக்கம் நல்லதே. குழந்தைகளின் பருமனும் பற்சொத்தையும் குறைய வேண்டும் என்பது அது. தயாரிப்பாளர்கள் வரி கட்டுவதற்குப் பதிலாகச் சர்க்கரையைக் குறைத்தார்கள். குறைந்த இனிப்பை மக்கள் ஏற்கட்டும் என்று விடாமல், செயற்கை இனிப்பைக் கொண்டு நிரப்பினார்கள். ஸ்காத்லாந்து மக்கள் மிகவும் விரும்பும் ‘அயர்ன் புரு’ என்னும் பானத்தில் 2018 ஜனவரியில் சர்க்கரை நூற்றுக்கு 10 கிராம் அளவிலிருந்து 5 கிராமுக்கும் கீழே குறைக்கப்பட்டபோது, பழைய புட்டிகளைப் பெட்டி பெட்டியாய் வாங்கி வீட்டில் பதுக்கியோர் பலர். அடுத்த ஆண்டின் இறுதியில், செயற்கை இனிப்பில்லாத பழைய செய்முறைப்படி ஒரு வகையைத் தனியே விற்க அந்த நிறுவனமே முன்வந்தது. வாங்குவோருக்கு இரண்டும் கிடைத்தன. எது எது என்று பெயரும் வேறாயிருந்தது. சச்சரவு அவ்வளவில் அடங்கிற்று.

இந்தியாவில் நிலைமை வேறு. இங்கே வாயுவேற்றிய பானங்களின் மேலுள்ள சரக்கு மற்றும் சேவை வரி, “சர்க்கரை அல்லது வேறு இனிப்பூட்டும் பொருள்” சேர்ந்தவை எல்லாவற்றையும் ஒரே தட்டில் வைக்கிறது. ஆகவே இங்கே சர்க்கரையை வெளியேற்றுவது வரியன்று, விலை. முந்நூறு மடங்கு இனிக்கும் பொருளில் ஒரு சிட்டிகை, ஒரு வாளித் தண்ணீரைச் சர்பத்தாக்கிவிடுகிறது. பத்து ரூபாய்க்குள் ஒரு புட்டியை விற்றாக வேண்டிய சிறு உற்பத்தியாளருக்கு இந்தச் சலுகை பெரிது. பெரிய உற்பத்தியாளரோ இதையே ‘சர்க்கரை குறைந்தது’ என்று அச்சிட்டு ஆரோக்கியமாக விற்கிறார். ஒரே செய்கை ஏழைக்குச் சிக்கனமாகவும் வசதியுள்ளவருக்கு நாகரிகமாகவும் வேஷம் போடுகிறது.

உற்பத்தியாளர் தரப்பில் சொல்லும் பதில் ஒன்று உண்டு. “சேர்த்ததை நாங்கள் மறைக்கவில்லை, லேபிளில் அச்சிட்டிருக்கிறோம்” என்பது அது. உண்மைதான். 2011 விதிகள், சேர்த்த இனிப்பின் பெயரையும், சேர்த்த சர்க்கரையின் அளவையும் அச்சிட வேண்டும் என்றன. குழந்தைகளுக்குச் சிபாரிசு செய்யப்படவில்லை என்ற வாசகமும் வேண்டும் என்றன. குழந்தைகளே வாங்கும் பொருளின்மேல், குழந்தைகளுக்குத் தெரியாத மொழியில், குழந்தைகளுக்கு எட்டாத சிறு எழுத்தில் அவ்வாசகம் அச்சாயிற்று. லேபிளில் உள்ள விவரங்கள் ஆங்கிலத்திலாவது தேவநாகரி லிபியில் இந்தியிலாவது இருந்தால் போதும் என்பதே சட்டம். பிற மொழிகள் உற்பத்தியாளரின் விருப்பம். தமிழோ தெலுங்கோ வங்காளியோ ஒடியாவோ மட்டும் படிக்கத் தெரிந்த ஒரு தாயாருக்கு, தன் குழந்தை குடிப்பது இன்னதென்று அறிய வழியில்லை. ஆங்கிலம் படித்தவருக்கும் பெரிய ஒளி கிட்டிவிடுவதில்லை. சேர்மானப் பட்டியலில் பெயரை எழுதாமல் எண்ணை மட்டும் அச்சிடலாம் என்ற சலுகை இருக்கிறது. ‘955’ என்ற எண்ணைப் பார்த்து, இது சுக்ரலோஸ் என்று சொல்லக்கூடிய பட்டதாரிகள் எத்தனை பேர்? விளம்பரத்தில் பழத்தின் படத்தைப் புட்டியின் முகப்பில் வரையத் தெரிந்த கை, இனிப்பின் பெயரை அதே முகப்பில் எழுத மறுப்பது இடப் பற்றாக்குறையால் அன்று.

பெரிதாக எழுதினால் மக்கள் அஞ்சி வாங்க மறுப்பர் என்ற வாதமும் உண்டு. எழுதாததால்தான் அச்சம் வளர்கிறது என்பதே அனுபவம். ஒருவன் தானே தேர்ந்து வாங்கும் சாக்கரீன் வில்லையைக் கண்டு அஞ்சுவதில்லை. தினமும் காலையில் பல் துலக்கும் பசையில் பெரும்பாலும் சாக்கரீன் இருக்கிறது. அதைப் பற்றி எவரும் மனு எழுதியதில்லை, ஏனெனில் பற்பசையைச் சர்க்கரை என்று எண்ணி எவரும் உண்பதில்லை. ஒளித்துத் தரும்போது மட்டுமே ஐயம் பிறக்கிறது. ஐயம் பிறந்தபின் நிபுணர் குழுவின் வரம்பை எடுத்துச் சொன்னால் காதில் ஏறாது.

“கசக்கிறது” என்று குறை சொல்வோரை நகைப்பதும் தவறு. கசப்பை உணர நாக்கில் பலவகை ஏற்பிகள் உள்ளன. அவற்றுள் சில, சாக்கரீனாலும் அசிசல்பேமினாலும் தூண்டப்படுகின்றன. அந்த ஏற்பிகளின் அமைப்பு பரம்பரையாக மனிதருக்கு மனிதர் வேறுபடுகிறது. ஒரே கோப்பையிலிருந்து குடித்த இருவரில் ஒருவருக்குத் தித்திப்பும் மற்றவருக்கு உலோகக் கசப்பும் தோன்றுவது மெய்யே. இது மனப்பிராந்தி அன்று. அந்தக் கசப்பை மறைப்பதற்காகவே இரண்டு மூன்று இனிப்புகளைக் கலந்து பயன்படுத்துகிறார்கள். அஸ்பார்ட்டேம் மட்டும் வேறுவகை எச்சரிக்கைக்கு உரியது. அது பினைல் அலனின் என்ற அமினோ அமிலத்தைக் கொண்டது. பினைல்கீட்டோன்யூரியா என்னும் அரிய பிறவிக் குறையுள்ள குழந்தையின் உடலால் அதைச் சிதைக்க இயலாது. சேர்ந்துவிட்டால் மூளை வளர்ச்சி கெடும். அக்குறையைக் கண்டறியும் சோதனை இந்நாட்டில் பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் நடப்பதில்லை. கண்டறியப்பட்ட குழந்தையின் பெற்றோருக்கு லேபிளின் எழுத்து சுவையைப் பற்றிய செய்தியன்று. மருந்துச் சீட்டைப் போன்றது.

இன்னொரு சந்தர்ப்பத்தையும் களப்பணியாளர் மனத்தில் கொள்ள வேண்டும். வயிற்றுப்போக்கு கண்ட குழந்தைக்குக் கொடுக்கும் உப்புச் சர்க்கரைக் கரைசலில், சர்க்கரை சுவைக்காகச் சேர்க்கப்படுவதன்று. குடலின் சுவரில் உப்பும் குளுகோஸும் கைகோத்துத்தான் உள்ளே நுழைகின்றன. அவற்றைத் தொடர்ந்தே நீர் நுழைகிறது. உலக சுகாதார ஸ்தாபனத்தின் கரைசலில் லிட்டருக்கு 13.5 கிராம் குளுகோஸும் 2.6 கிராம் சமையல் உப்பும் இருப்பது இக்காரணத்தாலேயே. இனிக்கும் பானம் எதுவாயினும் சரி என்று செயற்கை இனிப்புள்ளதைக் கொடுத்தால், நுழைவாயிலில் உப்புக்குத் துணை வருவோர் இல்லை. மிகுந்த சர்க்கரையுள்ள பானமும் உதவாது. அது உடலிலிருந்தே நீரைக் குடலுக்குள் இழுத்துப் போக்கை அதிகமாக்கும். இந்தக் குழப்பம் எவ்வளவு தூரம் முற்றியிருந்தது என்பதற்கு, உலக சுகாதார ஸ்தாபனத்தின் அளவுக்குப் பொருந்தாத பானங்கள் எவையும் ‘ஓ.ஆர்.எஸ்.’ என்ற பெயரைத் தாங்கலாகாது என்று 2025 அக்டோபரில் உணவுப் பாதுகாப்பு ஆணையம் ஆணையிட நேர்ந்ததே சான்று. ஒரு பெயரைக் காக்க ஆணையத்தால் முடிந்தது. ‘இனிப்பு’ என்ற பெயரையும் அவ்வாறே காக்க இயலும்.

செயற்கை இனிப்பைத் தடை செய்ய வேண்டும் என்பது இங்கே வாதமன்று. நீரிழிவு உள்ளவர் ஒரு கோப்பைத் தேநீரை இனிப்போடு அருந்த விரும்புவது குற்றமில்லை. உடல் எடையைக் குறைக்கும் வழியாக இப்பொருள்களை நம்ப வேண்டாம் என்று 2023 மே மாதத்தில் உலக சுகாதார ஸ்தாபனம் யோசனை கூறியபோதும், நீரிழிவு ஏற்கெனவே உள்ளவர்களை அந்த யோசனையில் சேர்க்கவில்லை. அவர்களுக்கும் தெளிவான எழுத்தே வேண்டும். ‘சர்க்கரை சேர்க்கவில்லை’ என்று நம்பி வாங்கிய பானத்தில் பழரசத்தின் சொந்தச் சர்க்கரையே போதிய அளவு இருப்பதைப் பலர் இரத்தப் பரிசோதனைக்குப் பின்பே அறிகிறார்கள். சர்க்கரை வேண்டுவோரும் வேண்டாதோரும் எதிரெதிர்க் கட்சியினர் போலத் தோன்றினாலும், இருவர் கேட்பதும் ஒன்றே: பொட்டலத்தின் முகப்பில், விற்கும் ராஜ்யத்தின் மொழியில், பொருளின் பெயருக்கு அருகே, அதே அளவு எழுத்தில், இதில் சர்க்கரை எவ்வளவு, செயற்கை இனிப்பு எது என்று ஒரு வரி. செய்முறை மாறினால் சில மாதங்களுக்கு அம்மாறுதலை அறிவிக்கும் மற்றொரு வரி. இதற்கு ஆகும் செலவு மையின் செலவே.

அந்த வரி அச்சாகும்வரை ஆசிரியர்கள் செய்யக்கூடியது ஒன்று உண்டு. கரும்பலகையின் ஓரத்தில் சில எண்களை எழுதி அழிக்காமல் வைத்திருக்கலாம்: 950 அசிசல்பேம், 951 அஸ்பார்ட்டேம், 954 சாக்கரீன், 955 சுக்ரலோஸ், 960 சீனித்துளசியின் சத்து, 961 நியோட்டேம். பிள்ளைகள் தெருவில் பொறுக்கிய காலிப் பொட்டலங்களை ஒரு திங்கட்கிழமை கொண்டுவரச் செய்தால், ஒரு மணி நேரத்தில் அவர்களே தேடிப் பிடித்துவிடுவார்கள். சிறு எழுத்தைப் படிக்கும் கண் அவர்களுக்கு உண்டு. பாட்டியும் தாயும் வீட்டில் கேட்டறிவதற்கு அதுவே போதும். களப்பணியாளர், இன்சுலின் போட்டுக்கொள்ளும் ஒவ்வொருவர் வீட்டிலும், கைக்கெட்டும் இடத்தில் ஒரு சிறு சிமிழில் சாதாரணச் சர்க்கரை வைக்கச் சொல்லலாம். வயலுக்குப் போகும்போது மடியில் ஒரு பொட்டலம். நடுக்கம் கண்டவுடன் நினைவு இருக்கும்போதே மூன்று நாலு தேக்கரண்டி, தண்ணீரில் கரைத்து. கடையில் வாங்கிய கலரை மட்டும் நம்பி உட்கார வேண்டாம்.